இயற்கைக் குகைகளும் மெய்நிகர் சுற்றுலாவும்

இயற்கைக் குகைகளின் மெய்நிகர் சுற்றுலா என்பது, ஒரு குகையின் உட்புறத்தை 360 பாகைப் படங்களாகவோ முப்பரிமாண மாதிரியாகவோ பதிவு செய்து, நேரில் செல்லாதவரும் கைபேசி, கணினி அல்லது தலையில் அணியும் காட்சிக் கருவி வழியாக அதனுள் சுற்றிப் பார்க்கும்படி அமைக்கும் முறையாகும். இதனால் இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, எட்டாத இடத்தில் உள்ள குகையைப் பலருக்கும் காட்டுதல். மற்றொன்று, குகை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆவணமாக்குதல். முதல் பயன் எளிதில் கண்ணுக்குப் படுகிறது. ஆயினும் நாள் குறித்து, அளவெடுத்துச் செய்த பதிவே நீண்ட காலம் பயன்படும். அளவில்லாத பதிவு அழகிய காட்சியாக மட்டுமே நின்றுவிடும்.

திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மறுகால்தலைக் குகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இம்முறை செயல்படும் விதத்தையும் அதன் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தாமிரபரணிக் கரையின் குகைகள்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இந்த ஆற்றின் இருபுறமும் உள்ள சமவெளியில் சிறு சிறு கற்குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. இவை பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் போன்ற மிகப் பழைமையான கடினப் பாறைகளால் ஆனவை.

குகை என்றதும் ஆந்திரத்தின் போரா, பேலம் குகைகளைப் போன்ற நீண்ட சுரங்க வழிகள் பலருக்கு நினைவுக்கு வரும். அவை சுண்ணாம்புக் கல்லை நீர் கரைத்ததால் உருவானவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சற்றே அமிலத்தன்மை பெறுகிறது. அந்நீர் பல்லாயிரம் ஆண்டுகள் கசிந்து சுண்ணாம்புக் கல்லை அரித்துவிடுகிறது. தாமிரபரணிக் கரையின் கடினப் பாறைகள் இவ்வாறு கரைவதில்லை. வெயிலிலும் மழையிலும் அவை விரிசல் விட்டு, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிகின்றன. பெரும் பாறைகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று தங்குகின்றன. அவற்றின் அடியில் உண்டாகும் இடைவெளியும், முன்னோக்கி நீண்ட பாறையின் நிழலுமே இப்பகுதியில் குகை எனப்படுகின்றன. இவை ஆழம் குறைந்தவை. வாயில் அகலமானது, பகல் வெளிச்சம் உள்ளே வரும். இந்த வேறுபாடு படமெடுக்கும் முறையையும் மாற்றுகிறது.

மறுகால்தலைக் குகை

திருநெல்வேலிக்கு வடகிழக்கே, சிற்றாறு தாமிரபரணியுடன் கலக்கும் சீவலப்பேரிக்கு அருகில் மறுகால்தலை உள்ளது. குளம் நிறைந்து வழியும் நீர் வெளியேறும் இடத்தை மறுகால் என்பது இவ்வட்டார வழக்கு. இவ்வூரின் பாறைக் குன்றில் இயற்கையான குகைத்தளம் ஒன்றும், அதில் மனிதர் செதுக்கிய கற்படுக்கைகளும் உள்ளன. தமிழ்நாட்டின் பிற கற்படுக்கைகளைப் போலவே இதையும் பஞ்சபாண்டவர் படுக்கை என்று மக்கள் அழைக்கின்றனர். குன்றில் சாஸ்தா கோயிலும் இருப்பதால் இது இன்றும் வழிபாட்டு இடமாகவே விளங்குகிறது.

குகையின் நெற்றிப் பகுதியில் தமிழி எனப்படும் தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு வரிக் கல்வெட்டு வெட்டப்பட்டுள்ளது. இது 1906இல் அறிஞர்களின் கவனத்துக்கு வந்தது. வெண்காசிபன் என்பவர் இந்தக் கற்படுக்கையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் பொருள். படுக்கையைக் குறிக்கக் கஞ்சணம் என்ற சொல் அதில் இடம்பெற்றுள்ளது. கல்வெட்டு கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கணிக்கப்படுகிறது. இத்தகைய படுக்கைகள் சமணத் துறவியர் தங்குவதற்காக அமைக்கப்பட்டவை என்பது அறிஞர் பலரின் கருத்து.

இக்கல்வெட்டுகளின் மொழி எது என்பதே தொடக்கத்தில் தெளிவாக இல்லை. அவை தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் நிறுவினார். ஐராவதம் மகாதேவன் 1966இல் இவற்றைத் தொகுத்து வெளியிட்டார். பின்னர் 1990களில் மீண்டும் குகை குகையாகச் சென்று ஆய்ந்து, திருத்திய வாசிப்புகளை 2003இல் நூலாக்கினார். ஒரே கல்லை அறிஞர்கள் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் வாசிப்பு தெளிவடைந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அடுத்த தலைமுறையும் அவ்வாறு பார்க்க வேண்டுமானால், கல் அதே நிலையில் இருக்க வேண்டும். அல்லது அதன் நம்பத்தகுந்த பதிவாவது இருக்க வேண்டும்.

பதிவு ஏன் தேவைப்படுகிறது

இயற்கைக் குகைக்குக் கதவு கிடையாது. பாறையில் பெயர் எழுதுதல், வண்ணம் பூசுதல், குகைக்குள் தீ மூட்டுதல் ஆகியவை எழுத்தை மறைத்துவிடும். பாறை உடைப்பு குன்றையே இல்லாமலாக்கிவிடும். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டுள்ள இயற்கைக் குகை இருக்கிறது. 2022இல் அவ்வூர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும், அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024இல் நடந்தது. மக்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து 2025 சனவரியில் அந்த ஏலம் ரத்து செய்யப்பட்டது. ஓர் இடத்தைக் காக்க வேண்டும் என்று கோருவோர், அங்கு என்ன இருக்கிறது என்பதை முதலில் காட்ட வேண்டியிருக்கிறது.

பார்க்க வருவோரின் ஆர்வமே குகையைக் கெடுத்துவிடுவதும் உண்டு. பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள் 1940இல் கண்டறியப்பட்டன. 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அக்குகைக்கு நாளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர்களின் மூச்சுக் காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் விளக்கின் வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பாசியை வளர்த்தன. 1963இல் குகை மூடப்பட்டது. இன்று மக்கள் பார்ப்பது அதன் நகலையும் இணையத்தில் உள்ள மெய்நிகர் காட்சியையும்தான். 1994இல் கண்டறியப்பட்ட ஷோவே குகையைப் பிரான்சு அரசு பொதுமக்களுக்குத் திறக்கவே இல்லை. முப்பரிமாண அளவெடுப்பைக் கொண்டு கட்டிய நகல் 2015இல் திறக்கப்பட்டது.

தாமிரபரணிக் கரையிலேயே இதற்கு வேறு வகையான ஒரு தீர்வு உள்ளது. ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும் வசதி 2023இல் செய்யப்பட்டது. தொடாமல் காண்பதே அதன் நோக்கம். திறந்த பாறையின் மேல் அவ்வாறு கண்ணாடி போட முடியாது. அங்கே மெய்நிகர் பதிவு அந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்யலாம்.

பதிவு செய்யும் முறைகள்

கல்வெட்டைப் படியெடுக்கும் பழைய முறை மைப்படி ஆகும். கல்லைச் சுத்தம் செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்துப் பதித்து, மேலே மை ஒற்றுவர். வெட்டிய பள்ளங்களில் மை படாததால் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். எழுத்தைப் படிக்க இது இன்றும் சிறந்த வழி. ஆனால் குகையின் வடிவத்தையும், எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் மைப்படி காட்டாது. இக்குறையை நிரப்பும் முறைகள் நான்கு.

360 பாகைப் படம்: எதிரெதிர்ப் பக்கம் நோக்கும் இரண்டு அகல்கோண வில்லைகள் கொண்ட கேமரா, ஒரே நேரத்தில் சுற்றுப்புறம் முழுவதையும் பிடிக்கிறது. மென்பொருள் இரு படங்களையும் இணைக்கிறது. செலவு குறைவு, வேலையும் விரைவாக முடியும். இடத்தின் அமைப்பு நன்கு விளங்கும். அளவெடுக்க மட்டும் உதவாது.

ஒளிப்பட அளவியல்: ஒரே பரப்பை வெவ்வேறு இடங்களில் நின்று நூற்றுக்கணக்கான படங்களாக எடுக்க வேண்டும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இரண்டு கண்கள் ஆழத்தை உணர்வதைப் போல, மென்பொருள் இப்படங்களை ஒப்பிட்டு ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் கணக்கிட்டு முப்பரிமாண மாதிரியை உருவாக்குகிறது.

லேசர் வருடல்: கருவி வீசும் லேசர் ஒளி பாறையில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. பல கோடிப் புள்ளிகள் சேர்ந்த புள்ளித்திரள் கிடைக்கும். இருட்டிலும் இக்கருவி வேலை செய்யும். துல்லியம் மிகுதி; விலையும் மிகுதி.

சாய்வொளிப் படமெடுப்பு: கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, விளக்கை மட்டும் பல திசைகளுக்கு நகர்த்திப் படங்கள் எடுக்கப்படுகின்றன. பின்னர்க் கணினித் திரையில் வெளிச்சத்தின் திசையை விரும்பியபடி மாற்றிப் பார்க்கலாம். தேய்ந்த எழுத்தின் விளிம்பு சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் காட்டும். இதற்கான கணினி முறை 2001இல் வெளியிடப்பட்டது.

360 பாகைப் படம் மட்டும் ஏன் போதாது

இதை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஒரு 360 பாகைப் படம் அகலத்தில் 8,000 புள்ளிகள் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கேமராவிலிருந்து பாறை 3 மீட்டர் தொலைவில் இருந்தால், அந்த 8,000 புள்ளிகளும் 3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவில் பரவுகின்றன. சுற்றளவு ஏறத்தாழ 18.85 மீட்டர். ஆகவே ஒரு புள்ளி பாறையில் சுமார் 2.4 மில்லிமீட்டரைக் குறிக்கிறது. உளியால் வெட்டிய கோடு 5 மில்லிமீட்டர் அகலம் என்றால், படத்தில் அதற்குக் கிடைப்பது இரண்டே புள்ளிகள். தேய்ந்த எழுத்தைப் படிக்க இது போதாது.

அதே பாறையை, 60 சென்டிமீட்டர் அகலப் பரப்பு 6,000 புள்ளிகளில் நிறையுமாறு அருகில் சென்று எடுத்தால், ஒரு புள்ளி 0.1 மில்லிமீட்டரைக் குறிக்கும். அதே 5 மில்லிமீட்டர்க் கோட்டுக்கு 50 புள்ளிகள் கிடைக்கும். ஆகவே நல்ல குகைப் பதிவு பல அடுக்குகளைக் கொண்டது. இடத்தைக் காட்ட 360 பாகைப் படம், வடிவத்தை அளக்க முப்பரிமாண மாதிரி, எழுத்தைப் படிக்க அண்மைப் படமும் சாய்வொளிப் படமும் தேவை. பார்வையாளர் முதல் அடுக்கில் நடந்து, எழுத்தின் மேல் தொட்டதும் அடுத்த அடுக்கு திறக்குமாறு சுற்றுலாவை அமைக்கலாம்.

களப்பணி நடக்கும் விதம்

மறுகால்தலை போன்ற குகையைப் பதிவு செய்வதானால் வேலை பின்வரும் வரிசையில் அமையும்.

முதலில் கேமரா இல்லாமல் குகையைச் சுற்றிப் பார்த்து, கையால் ஒரு தரைப்படம் வரைய வேண்டும். படுக்கைகள், எழுத்து, மழைநீர் உள்ளே வடியாதபடி பாறை நெற்றியில் வெட்டிய காடி ஆகியவை அதில் குறிக்கப்படும். கேமராவை நிறுத்தும் இடங்களும் அப்போதே முடிவாகும். ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியும்படி 2 அல்லது 3 மீட்டருக்கு ஓர் இடம் போதும்.

அடுத்தது வெளிச்சம். வாயிலில் வெயில் கொளுத்தும், உள்ளே இருண்டிருக்கும். ஒரே படத்தில் இரண்டையும் பிடித்தால் வாயில் வெளுத்துப்போகும், அல்லது உட்புறம் கறுத்துப்போகும். எனவே ஒரே இடத்தில் குறைந்த ஒளி, நடு ஒளி, மிகுந்த ஒளி எனப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்குவர். நேர் வெயில் படாத காலை வேளையோ மேகமூட்டமான நாளோ இதற்கு ஏற்றது. எழுத்துக்கு மட்டும் சாய்ந்த வெயில் உதவும்.

மூன்றாவது அளவுகோல். ஒவ்வொரு அண்மைப் படத்திலும் சென்டிமீட்டர் அளவுகோலும் வண்ண அட்டையும் இடம்பெற வேண்டும். அளவுகோல் இல்லாத முப்பரிமாண மாதிரியில் வடிவம் சரியாக இருக்கும். எவ்வளவு பெரியது என்பது மட்டும் தெரியாது.

நான்காவது குறிப்பேடு. நாள், நேரம், வானிலை, கருவி, எடுத்தவர் ஆகிய விவரங்களுடன், அன்று பாறையில் கண்ட சேதங்களையும் எழுத வேண்டும். ஐந்தாண்டு கழித்து அதே இடங்களில் மீண்டும் படமெடுத்து இரு மாதிரிகளையும் பொருத்திப் பார்த்தால், புதிய விரிசலும் உதிர்ந்த துண்டும் தெரியவரும். அளவெடுத்த பதிவின் முழுப் பயன் அப்போதுதான் கிடைக்கும்.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும், வண்ணம் தீட்டுவதும், எண்ணெய் பூசுவதும் கூடாது. பதிவு செய்யப் போனவரே சேதம் செய்ததாகிவிடும்.

காட்ட வேண்டியதும் மறைக்க வேண்டியதும்

படங்களை இணைத்துவிட்டால் மட்டும் சுற்றுலா முழுமை பெறாது. எழுத்தைத் தொட்டதும் அதன் உருவரை, இன்றைய எழுத்தில் வாசிப்பு, பொருள், அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு ஆகியவை தமிழில் வர வேண்டும். பார்வை குறைந்தோருக்கு ஒலி விளக்கம் தேவை. மலை ஏற முடியாத முதியோரும் சக்கர நாற்காலியில் இருப்போரும் குகையைக் காண இதுவே வழி என்பதால், இவ்வசதிகளைத் தொடக்கத்திலேயே திட்டமிடுவது நல்லது.

குகை வழிபாட்டு இடத்தை ஒட்டியிருந்தால் ஊராரைக் கேட்டுச் செய்வதே முறை. தென் மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று குடும்பம் குடும்பமாகச் சாஸ்தா கோயிலுக்குச் செல்வது வழக்கம். எந்த இடத்தில் செருப்பு கூடாது, எதைப் படமெடுக்கக் கூடாது, குகையைப் பற்றி ஊரில் என்ன சொல்கிறார்கள் என்பவை அவர்களிடமிருந்தே தெரியவரும்.

எல்லாவற்றையும் வெளியிட வேண்டியதில்லை. சலீம் அலி பழந்தின்னி வௌவால் உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழும் அரிய உயிரினம். அது குகைகளில் தங்கும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகப் பகுதியிலும் அது பதிவாகியுள்ளது. அத்தகைய குகையின் இருப்பிடத்தைத் துல்லியமாக இணையத்தில் இட்டால், ஆர்வத்தில் செல்வோர் வௌவால்களைக் கலைத்துவிடுவர். குட்டிகள் இருக்கும் காலத்தில் விளக்குடன் உள்ளே போவதே கேடு. ஆகவே முழு விவரத்தைக் காப்பவரிடம் வைத்து, பொதுவில் மாவட்டத்தின் பெயரை மட்டும் குறிப்பிடலாம். காவலில்லாத கல்வெட்டுக் குகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அனுமதி

குகை எவருடைய பொறுப்பில் உள்ளது என்பதைப் பொறுத்து அனுமதி அமையும். நடுவணரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டமும், மாநில அரசின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்குத் தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் பொருந்தும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நடுவணரசுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. காப்புக்காட்டில் உள்ள குகைக்கு வனத்துறையின் அனுமதி தேவை. ட்ரோன் பறக்கவிடுவோர் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

பிற இடங்களின் அனுபவம்

இந்தியத் தொல்லியல் துறையும் கூகுள் நிறுவனமும் இணைந்து 100 நினைவுச்சின்னங்களை 360 பாகைப் படமாக்கும் திட்டத்தை 2013இல் அறிவித்தன. சீனாவின் துன்ஹுவாங் குடைவரைகள் பலவும் நுண்படமாக்கப்பட்டு, 2016இல் 30 குடைவரைகள் இணையத்தில் வெளியாயின. இவை மனிதர் குடைந்தவை. இயற்கைக் குகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு வியட்நாமின் சோன் தோங். உலகின் மிகப் பெரிய குகைகளுள் ஒன்றான அதற்கு ரோப்கார் அமைக்கும் திட்டம் 2014இல் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே நேஷனல் ஜியாகிரபிக் அக்குகையின் 360 பாகைச் சுற்றுலாவை வெளியிட்டது. எதை இழக்க நேரிடலாம் என்பதை உலகம் முழுவதும் உள்ளோர் தம் திரையில் கண்டனர்.

வரம்புகள்

மெய்நிகர் சுற்றுலா குகையின் குளிர்ச்சியையும் ஏற்றத்தின் களைப்பையும் தராது. கோப்பு வடிவங்கள் மாறுகின்றன, இணையதளங்கள் மூடப்படுகின்றன. கல்லில் வெட்டிய எழுத்து இரண்டாயிரம் ஆண்டு நின்றிருக்க, அதன் மின்பதிவு பத்தாண்டில் திறக்க முடியாமல் போகலாம். எனவே மூலப் படங்களைப் பொதுவான கோப்பு வடிவில், குறைந்தது மூன்று படிகளாக, அவற்றுள் ஒன்றையாவது வேறு ஊரில் வைப்பது பாதுகாப்பு. நூலகம், பல்கலைக்கழகம், தொல்லியல் துறை ஆகியவற்றில் ஒரு படி இருப்பது நலம்.

மற்றொரு வரம்பு இதனினும் முக்கியமானது. குகை படமாகிவிட்டது, இனிப் பாறை போனாலும் பரவாயில்லை என்ற எண்ணம் தோன்றக் கூடாது. முப்பரிமாண மாதிரி அது எடுக்கப்பட்ட நாளின் தொழில்நுட்பம் கண்டதை மட்டுமே வைத்திருக்கிறது. நாளை வரும் கருவி புதிதாக எதையாவது காண வேண்டுமானால் அதற்குக் கல்லே வேண்டும்.

பள்ளிகளில் பயன்பாடு

தமிழி எழுத்து பாடப்புத்தகத்தில் அச்செழுத்தாகவே மாணவருக்கு அறிமுகமாகிறது. உண்மையான எழுத்து, மேடுபள்ளமான பாறையில், கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும் உயரத்தில், மழைநீர்க் கறைகளுக்கு நடுவே இருக்கிறது. அதை 360 பாகைப் படத்தில் தேடிக் கண்டுபிடிப்பதே நல்ல பயிற்சி. குகை ஏன் அந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, நீர் எங்கிருந்து கிடைத்திருக்கும், காடி ஏன் வெட்டினார்கள் என்ற கேள்விகளுக்குப் படத்தைச் சுற்றிப் பார்த்தே விடை காணலாம். சுற்றளவுக் கணக்கு கணித வகுப்புக்கும், பாறை உரிதல் புவியியல் வகுப்புக்கும் ஏற்றவை. மாணவர்கள் தம் ஊரில் உள்ள நடுகல், பழைய மடை, கல்மண்டபம் ஆகியவற்றை ஆசிரியர் துணையோடும் உரிய அனுமதியோடும் கைபேசியில் பதிவு செய்து பழகலாம். அளவுகோல் வைத்து, நாள் எழுதி, கல்லைத் தொடாமல் படமெடுக்கும் பழக்கமே முதல் பாடம்.